மூன்றாம் செட்டின் அட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊற்றெடுத்து வரவில்லை. சேலத்திலிருந்து வரும் ஒரு நலவாழ்வு மாத இதழின் ஆசிரியர் நந்தகுமார் போன் செய்து கேட்டார், நானும் சரி என்றேன். நான் ராசிபுரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சர். எப்போதாவது கதையும் எழுதுவேன். "உங்களுக்கு சயின்ஸும் தெரியும், கதையும் வரும்" என்று ஐஸ் வைத்தார். ஐஸ் வைத்தால் உருகாத எழுத்தாளர் இன்னும் பிறக்கவில்லை.

குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களைப் பற்றிச் சிறப்பிதழ் போடுகிறாராம். கட்டுரைகள் நிறைய வந்துவிட்டனவாம், எதைப் படித்தாலும் தூக்கம் வருகிறதாம், அதனால் நடுவில் ஒரு கதை வேண்டுமாம். எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெண்கள் நோய்க்கும் அந்த பாக்டீரியாக்களுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று ஆராய்ச்சி நடக்கிறது, அதை நம்ம ஊர் மணத்தோடு எழுதித் தரச் சொன்னார். முடிவையும் அவரே கொடுத்துவிட்டார். கதாநாயகி ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், காலையில் பழைய சோறும் மோரும் சாப்பிடுகிறாள். வலி போய்விடுகிறது. நாற்பத்தொன்பதாம் நாள் வாந்தி எடுக்கிறாள். மாமியார் அவள் வாயில் சர்க்கரை போடுகிறார். பின்னட்டையில் தயிர் விளம்பரம் வருகிறது என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைத்தார்.

எனக்குப் பழைய சோற்றோடு எந்த வாய்க்கால் தகராறும் இல்லை. நானும் தினமும் அதைத்தான் சாப்பிடுகிறேன். அது நல்லதுதான். ஆனால் வயிற்றுக்கு நல்லது என்பதற்கும் கதைக்கு முடிவு என்பதற்கும் நடுவில் கொஞ்சம் தூரம் இருக்கிறது.

2

முதல் வரிக்குப் பாடுபட்டேன். அடித்தவற்றையும் விட்டுவைக்கிறேன், நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக.

"கொல்லிமலை மேல் மேகம் இறங்கிய அந்த மாலையில், அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு..." வேண்டாம். வயிறு வலிக்கிறவள் மலையைப் பார்ப்பதில்லை.

"மனித உடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள்..." நந்தகுமார் ஏற்கெனவே கொட்டாவி விடுகிறார்.

"அவள் பெயர் தனப்பிரியா. அவளுக்கு வலித்தது." இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

தனப்பிரியா என் சித்தி மகள். வயது முப்பத்திரண்டு. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் முட்டைக் கோழிப்பண்ணை வைத்திருக்கும் தமிழரசுவைக் கட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. நாற்பதாயிரம் கோழி, நாலு செட்டு. (கூண்டுகள் வரிசையாகத் தொங்கும் நீளமான கொட்டகையை இங்கே செட்டு என்போம்.) குழந்தை இல்லை. பதினாறு வயதில் மாதம் இரண்டு நாள் இருந்த வலி, பிறகு ஐந்து நாளாகி, இப்போது பாதி மாதத்தைத் தின்கிறது. விலக்காகும்போது மட்டும் இல்லை. கக்கூஸ் போகும்போது, புருஷன் தொடும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட வலி. (புருஷன் தொடும்போது என்பதை நலவாழ்வு இதழில் எழுதலாமா என்று நந்தகுமாரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்.)

இந்த வலிக்கு இதுவரை எத்தனையோ பேர் எத்தனையோ பெயர் வைத்தார்கள். அல்சர் என்றார்கள், வாயு என்றார்கள், பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், உடம்புச் சூடு என்று எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். கடைசியில் எல்லாம் மனசுதான் என்றார்கள். இரண்டு தடவை ஸ்கேன் எடுத்து, இரண்டு தடவையும் ஒன்றுமில்லை என்று வந்தது. போன வைகாசியில் சேலத்தில் ஒரு பெண் டாக்டர்தான் முதல்முறையாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்டார். ஸ்கேனில் தெரியாததால் இல்லை என்று ஆகிவிடாது, வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்த்துவிடலாம், இருப்பதை அப்போதே எடுத்தும்விடலாம் என்றார். அதுவரைக்கும் தினமும் வலியைக் குறித்து வைக்கச் சொன்னார்.

வீட்டில் முடியாது என்றுவிட்டார்கள். மாமியார் வசந்தாமணி கெட்டவர் இல்லை, கதைக்கு அது ஓர் இடைஞ்சல். மருமகள் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியை நீவிவிடுகிறவர். ஆனால் வயிற்றைத் துளைத்தால் அப்புறம் பிள்ளை நிற்காது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். "எல்லாப் பொம்பளைக்கும் வாரதுதான் சாமி, பொறுத்துக்கோ" என்றார். தமிழரசு அம்மா பேச்சைத் தாண்டவில்லை. ஆக, இந்தக் கதையில் தனப்பிரியாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டும்.

பதினாறு வயதில், பள்ளி ஆய்வகத்தில் அவள் சுருண்டு விழுந்த அன்று பக்கத்தில் இருந்தது... 

(இது இப்போது வேண்டாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.)

3

கொஞ்சம் பாடம். உயிரியல் டீச்சரிடம் மாட்டிக்கொண்டீர்கள், பத்து நிமிஷம் பொறுங்கள்.

கர்ப்பப்பையின் உள்பக்கத்தில் ஒரு பூச்சு உண்டு. மாதாமாதம் தடித்து, உதிர்ந்து, வெளியேறும். அதே மாதிரியான திசு இருக்கக் கூடாத இடத்தில், சினைப்பை மேலோ குடல் மேலோ, முளைத்துக்கொள்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அதுவும் மாதம் தவறாமல் தடிக்கிறது, கசிகிறது, வெளியேற வழி இல்லாமல் அங்கேயே புண்ணாகிப் பக்கத்து உறுப்புகளை ஒட்டவைக்கிறது. பத்துப் பெண்களில் ஒருத்திக்கு இருக்கும் என்கிறார்கள். ஆறாயிரம் பேர் இருக்கும் ஊரில் கணக்குப் போட்டுப் பாருங்கள், பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றால் ஜெயித்துவிடுவார்கள்.

இப்போது பாக்டீரியா. இந்த நோய் உள்ளவர்களின் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் மற்றவர்களுடையதைவிட வேறு மாதிரி இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. உடம்பு கழிவு என்று ஒதுக்கிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சில பாக்டீரியாக்கள் மறுபடி ரத்தத்துக்கே அனுப்பிவைக்கின்றன, அதைத் தின்றுதான் அந்தத் திசு கொழுக்கிறது என்பது ஒரு கருத்து. எலிகளுக்கு மருந்து கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்தபோது திசு சிறுத்ததும் உண்டு. ஆனால் பாக்டீரியா மாறியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் பாக்டீரியா மாறியதா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கோழி முதலா, முட்டை முதலா. நாமக்கல்லில் உட்கார்ந்து இந்தக் கேள்வியை எழுத வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

[பக்கக் குறிப்பு: எலிகளுக்குச் சீக்கிரம் குணமாகிவிடுகிறது. எலிகள் ஆராய்ச்சிக்கு மாமியாரிடம் அனுமதி கேட்பதில்லை.]

4

தமிழரசு என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. வாசகர்கள் நம்ப மாட்டார்கள் என்று பயந்தேன். ஏனென்றால் இந்த ஜில்லாவில் குடல் பாக்டீரியாவைப் பற்றி அவனைவிட நன்றாகப் பேசுகிற ஆள் கிடையாது.

கோழிக் குடல்தான், சொல்ல மறந்துவிட்டேன். ஆன்டிபயாடிக் கொடுத்தால் நல்ல கிருமியும் சேர்ந்து செத்துவிடும் என்பான். அதனால் மருந்து முடிந்த மறுநாளே நல்ல கிருமிப் பவுடரைத் தண்ணீரில் கலந்துவிட வேண்டும், காலையில் எச்சத்தின் நிறத்தைப் பார்த்தாலே தொண்ணூறு சதவீதம் தெரிந்துவிடும், வெயிலில் கோழிக்கு மனக்கஷ்டம் வந்தால்கூடக் குடல் கெட்டு முட்டை ஓடு மெலிந்துவிடும். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அரை மணி நேரம் வகுப்பெடுத்தான். கோழிக்கு மனக்கஷ்டம் உண்டு என்பதை நான் அவனிடம்தான் கற்றேன். அடுத்த அறையில் தனப்பிரியா வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளுக்கு என்ன என்று கேட்டேன். "அவளுக்கு எப்பவும் இருக்கறதுதானுங்க" என்றான்.

முட்டை இரண்டு சதவீதம் குறைந்தால் போதும், இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் யாரும் யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். இரண்டு கோழியைப் பையில் போட்டு வண்டியில் மாட்டி நாமக்கல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அறுத்துப் பார்த்துவிடுவார்கள். உள்ளே பார்க்காமல் மருந்து கொடுக்கிறவனை இங்கே முட்டாள் என்போம்.

5

(இங்கே ஒரு பகுதி இருந்தது. எடுத்துவிட்டேன். நீளம் அதிகம்.)

6

இனி நடந்ததைச் சொல்கிறேன். நான் அங்கே இல்லை. தனப்பிரியா சொன்னது, தமிழரசு விழுங்கி விழுங்கிச் சொன்னது, கோழி டாக்டர் இளஞ்செழியன் சொன்னது, மூன்றையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். தையல் தெரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு செட்டிலும் ஓர் அட்டை தொங்கும். தேதி, தீவனம், தண்ணீர், எச்சம், முட்டை, இறப்பு, மருந்து, குறிப்பு என்று கட்டம் போட்டிருக்கும். நாலு செட்டுக்கும் அதை எழுதுவது தனப்பிரியாதான். சேலத்து டாக்டர் வலியைக் குறிக்கச் சொன்னாரே, அதற்கு அவள் தனியாக டைரி வாங்கவில்லை. கையில் இருந்த வெற்று அட்டையிலேயே எழுதினாள். வீட்டில் வைத்தால் மாமியார் கண்ணில் படும், மறுபடி ஒரு அழுகை, ஒரு சமாதானம். அதனால் மூன்றாம் செட்டு அட்டைக்கு அடியில் செருகி வைத்தாள். மூன்றாம் செட்டில் இருந்தது இன்னும் முட்டைக்கு வராத இளங்கோழிகள். அந்த அட்டையை யாரும் அவ்வளவாகப் புரட்ட மாட்டார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. தமிழரசுவே செட்டுக்குப் போய் அட்டைகளை எடுத்தான். மூன்றாம் செட்டில் அவன் கையில் வந்தது அடியில் இருந்தது. செட்டு எண் எழுதவில்லை, ஆனால் எல்லா அட்டையும் அவள் கையெழுத்துதானே. முட்டைக் கட்டத்தில் இரண்டு மாதமாக வெறும் கோடு. இளங்கோழி, சரிதான். மற்றதைப் படித்ததும் அவனுக்கு வியர்த்துவிட்டது.

தீவனம்: கால் பங்கு. தண்ணீர்: குறைவு. எச்சம்: இளக்கம், ரத்தம் கலந்து. மருந்து: மூன்று வேளை, கேட்கவில்லை. குறிப்பு: எழுந்து நிற்க முடியவில்லை. மறுநாளும் அதே. அடுத்த வாரமும் அதே.

பத்தாயிரம் கோழிக்கு நோய் வந்து இரண்டு மாதமாகத் தனக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டான். உடனே இளஞ்செழியனுக்குப் போன் போட்டான். நாற்பது நிமிஷத்தில் வண்டி வந்து நின்றது. ஆத்தூர்க்காரர், பார்த்தால் பையன் போல இருப்பார், ஆனால் கைராசிக்காரர். இருவரும் செட்டை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மூன்று தடவை நடந்தார்கள். கோழிகள் எல்லாம் ஜம்மென்று தின்றுகொண்டிருந்தன. அப்படியும் மனசு ஆறாமல், எதற்கும் பார்த்துவிடலாம் என்று தமிழரசுவே ஒரு கோழியைப் பிடித்துக் கொடுத்தான். அங்கேயே அறுத்தார்கள். குடல் சுத்தமாக இருந்தது, ஒரு குறை இல்லை.

இளஞ்செழியன் கையைக் கழுவிவிட்டு அட்டையை வாங்கிப் பொறுமையாகக் கடைசிக் கட்டம் வரைக்கும் படித்தார்.

"அண்ணா, இதுல வலது பக்கம் இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுன்னு போட்டிருக்கு. கோழி உங்ககிட்ட எப்படிச் சொல்லுச்சு?"

தமிழரசு அறுத்துப் போட்டிருந்த கோழியைப் பார்த்துக்கொண்டே நின்றானாம். இளஞ்செழியனுக்கு எப்போது விளங்கியதோ, அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "ரெண்டு மாசமா ஒரு கோழி இப்படி இருந்திருந்தா, மறுநாளே உள்ள பார்த்திருப்போம்ண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அவன் வீட்டுக்கு வந்து அவளிடம் என்ன சொன்னான் என்பதை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் காலில் விழுந்தான், இன்னொன்றில் தேம்பினான். தனப்பிரியா எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னாள். நடந்தது இவ்வளவுதானாம். அட்டையைக் கட்டில் மேல் வைத்தான். "சேலத்துக்கு எப்பப் போகோணும்?" என்று கேட்டான். வசந்தாமணி பதறிப்போய், வயிற்றைத் துளைச்சா என்னாகும் தெரியுமா என்று தொடங்கியபோது, "ஒண்ணுமில்லாத கோழிய அறுத்துப்போட்டு வந்து நிக்கறேனுங்ம்மா" என்றான். அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

[பக்கக் குறிப்பு: தயவுசெய்து இங்கே கைதட்டாதீர்கள். ஒன்பது வருஷம் பக்கத்தில் படுத்து முனகியது கேட்காத காதுக்குக் கட்டம் போட்ட அட்டை தேவைப்பட்டிருக்கிறது. பாராட்டுவதாக இருந்தால் அட்டை அச்சடித்த அச்சகத்தைப் பாராட்டுங்கள்.]

7

ஆபரேஷன் திங்கட்கிழமை. நந்தகுமாருக்குக் கதை போக வேண்டியது சனிக்கிழமை. அதாவது கதை முடிகிறபோது எனக்கு முடிவு தெரியாது. எழுத்தாளருக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்து, நாலைந்து முடிவுகளைச் செய்துவைத்தேன்.

ஒன்று: நந்தகுமாரின் மண்டல முடிவு. இதை எழுதவில்லை. எழுதினால் நாளைக்கு நூறு வீட்டில் "பழைய சோறு தின்னாப் போதும், ஆஸ்பத்திரி எதுக்கு" என்பார்கள்.

இரண்டு: கேமரா விட்டுப் பார்க்கிறார்கள், உள்ளே ஒன்றும் இல்லை. இதை எழுத ஆரம்பித்துக் கை நின்றுவிட்டது. ஒன்றும் இல்லை என்றால் அவள் மறுபடி எல்லாருக்கும் மனசு வியாதிக்காரி ஆகிவிடுவாள். அவளுக்கு இருப்பதிலேயே பெரிய பயம் இதுதான். நோய் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்கிற நிலைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்.

மூன்று: இருக்கிறது, எடுத்துவிடுகிறார்கள், ஒரே வருஷத்தில் இரட்டைக் குழந்தை. டாக்டரே அப்படி வாக்குக் கொடுக்கவில்லை, நான் யார் கொடுக்க?

நான்கு: இருக்கிறது, எடுக்கிறார்கள், இரண்டு வருஷம் நன்றாக இருக்கிறாள், திரும்ப வருகிறது. இதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் சிறப்பிதழில்...

ஐந்தாவதை எழுதுவதற்குள், அதுவரை எழுதியதை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படித்துவிட்டுக் கூப்பிட்டாள். சிரித்தாள். கோழி சொன்ன இடம் நன்றாக இருக்கிறது என்றாள். மாமியாரைக் கெட்டவர் ஆக்காததற்கு நன்றி சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அஞ்சாம் பகுதி எங்கீங்க்கா?"

நீளம் அதிகம் என்றேன்.

"நாலு வரிதானுங்க்கா இருக்கும். அத எழுதாட்டி இது என் கதையில்லீங்."

8

5 (எடுத்தது, திரும்ப வைத்தது)

பதினாறு வருஷத்துக்கு முன்னால் பள்ளி ஆய்வகம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனப்பிரியா ஸ்டூலிலிருந்து சரிந்து விழுந்தாள். தரையில் சுருண்டு, பல்லைக் கடித்து, சத்தம் வராமல் அழுதாள். பக்கத்தில் இருந்தது நான். அவளுக்கு அக்கா, அந்த வகுப்புக்கு டீச்சர். ஆளனுப்பினேன், சித்தி ஆட்டோ பிடித்து ஓடி வந்தாள். அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வந்தாள், ஆட்டோ வாசலில் நின்றுகொண்டிருந்தது. நான்தான் தடுத்தேன். மற்ற பிள்ளைகள் பார்க்கிறார்களே, விஷயம் வெளியே போனால் மானம் போகுமே என்று எனக்கு அவசரம்.

"எதுக்குச் சித்தி ஆஸ்பத்திரி? எல்லாருக்கும் வாரதுதான். கல்யாணமானாச் சரியாப் போயிரும்" என்றேன்.

சித்தி என்னை நம்பினாள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆட்டோவை வீட்டுக்குத் திருப்பினாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "எங்க அக்கா மக, சயின்ஸ் டீச்சரே சொல்லிப்போட்டா" என்றுதான் சொல்வாள். வசந்தாமணிக்கும் பெண் பார்க்க வந்த அன்று அதையே சொல்லியிருக்கிறாள். மேலே இரண்டாம் பகுதியில் அந்த அம்மாள் சொன்ன வாக்கியத்தை நக்கலாக எழுதினேனே, போய்ப் பாருங்கள். அது என் வாக்கியம். என் வாயிலிருந்து கிளம்பி, சித்தி வழியாக அந்த வீட்டுக்குப் போய், ஒன்பது வருஷம் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் சாமர்த்தியமாக எழுத வரவில்லை.

9

இதையும் அவளுக்கு அனுப்பினேன். சரிதான் என்று ஒரே ஒரு சொல் பதில் வந்தது. நான்தான் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் செய்தேன், ஆனால் எழுத்தாளர் புத்தி எங்கே போகும்? ஐந்தாவதாக ஒரு முடிவு வைத்திருக்கிறேன், உனக்குப் பிடிக்கும், ரொம்ப ஆசையாக எழுதியிருக்கிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க்கா" என்றாள். கோபமாக இல்லை, தீவனம் போடும்போது பேசுகிற குரலில்தான் சொன்னாள். "என் முடிவ நீங்க ஒருக்கா எழுதிட்டீங்க. எனக்குப் பதினாறு வயசுல. அதத் திருத்தறதுக்குத்தானுங்க்கா திங்கக்கிழமை போறேன்."

போனை வைத்த பிறகு அந்த ஐந்தாவது முடிவைக் கிழித்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நந்தகுமாரிடம் முடிவில்லாத கதைதான் வரும் என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் தயிர்க்காரர் என்ன நினைப்பார் என்று கேட்டார். உறை குத்தியதும் தயிர் ஆகாது, பொறுத்திருக்கத்தான் வேண்டும் என்று தயிர்க்காரருக்குத் தெரியும் என்றேன். பக்கத்தைக் குறைத்துப் போடுகிறேன் என்றார். போடட்டும்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவர்கள் கார் ராசிபுரம் வழியாகப் போகும், என்னையும் ஏற்றிக்கொள்வதாகத் தமிழரசு சொல்லியிருக்கிறான். இரண்டு மாத அட்டைகளையும் ஒரு பையில் போட்டு அவனே எடுத்துவருகிறான். செட்டு எண் இருக்கும் இடத்தில் இப்போது அவள் பெயரை எழுதியிருக்கிறானாம். திங்கட்கிழமைக்கான கட்டங்கள் காலியாக இருக்கின்றன. உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கும். எழுத ஆசை இருந்தால் எழுதுங்கள், நான் யார் தடுக்க. அதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.